ஆணியில் ஒரு மூக்குக்கண்ணாடி

மூக்குக்கண்ணாடி அவள் கையில் இருந்தது. அவளுடையது அல்ல.

எப்சிபாவுடையது. சற்றுமுன்தான் மேடையில் கழற்றிக் கொடுத்திருந்தாள். மூக்கின் இருபுறமும் அதன் தடம் இன்னும் சிவந்திருந்தது. பீடி சுற்றிப் பிழைக்கிறவள். சபைக்குப் புதிது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். தகரக் கூரைக்குக் கீழே பசித்த ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

போதகர் செல்வின் வேதாகமத்தை எப்சிபாவின் முன் நீட்டினார்.

அது தானாகவே விரிந்தது. இருபத்து மூன்றாம் சங்கீதத்தில்.

நாலடி தள்ளி, அந்தக் கண்ணாடியைப் பிடித்தபடி நின்ற இவள் அதைப் பார்த்தாள். எட்டத்தில் இருப்பதைப் பார்க்க இவளுக்கு ஒரு குறையும் இல்லை. கிட்டத்து எழுத்துதான் கண்ணுக்குத் தெரியாது.

போன வருஷமும் அதே புத்தகம். அதே சங்கீதம். அன்றைக்கு எப்சிபா நிற்கும் இடத்தில் இவள் நின்றாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். வாசித்தாள். ஓர் இடத்திலும் திக்கவில்லை. கூடமே அதிர்ந்தது. பெண்கள் அழுதார்கள். இவளும் அழுதாள். பார்வை வந்துவிட்டதென்று சத்தியமாக நம்பினாள்.

கண்ணாடியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். அங்கே ஏற்கெனவே ஊன்றுகோல்களும் இடுப்பு பெல்ட்டும் தொங்கின. சாட்சிச் சுவர் என்று பெயர்.

மறுநாள் விடியுமுன் எழுந்தாள், எப்போதும் போல. காப்பி போட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து வேதத்தைத் திறந்தாள்.

வீடு தூங்கும் அந்த நேரம் அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டுமானது. கொஞ்சம் வாசிப்பாள். கொஞ்சம் பேசுவாள். மருமகளைப் பற்றிக் கோள் சொல்வாள். வாசித்தது உறைத்ததும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். அதற்குள் காப்பி ஆறிப்போயிருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

அடையாள நாடா ஓசியா ஆகமத்தில் கிடந்தது.

ஓசியா தெரியவில்லை. வெறும் கறுப்பு.

பதறிப்போய்ச் சங்கீதத்தைத் தேடினாள். விரலுக்கு அந்த இடம் தெரியும். இருபத்து மூன்று தெரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது. பிறகு சும்மா ஒரு சந்தேகம். பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

அப்போதும் தெரிந்தது.

பாவாடை கட்டிய வயசில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது. வாய்க்குத் தெரியும். கண் எதற்கு?

போதகரிடம் ஓடினாள்.

"உங்க விசுவாசம் தளருது சிஸ்டர். கிடைச்சிருச்சின்னு அறிக்கை பண்ணிக்கிட்டே இருங்க. மறுபடி கண்ணாடி போட்டா கர்த்தரைப் பொய்யராக்குன மாதிரி ஆயிரும்."

கர்த்தரைப் பொய்யராக்க அவளுக்கு மனம் வரவில்லை. புதுக் கண்ணாடியும் வாங்கவில்லை.

ஒரு வருஷம்.

அரிசியில் கல் கிடந்தது. மகன் துப்பினான். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டி, உங்களுக்குத்தான் கண்ணு வந்திருச்சே, நீங்களே பாத்துக்கோங்க என்றாள். கண் அசதி என்று மருமகளை வேதம் வாசிக்கச் சொன்னாள். மருமகள் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி வாசித்துவிட்டு எழுந்து போனாள். மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகளைப் பற்றி ஆண்டவரிடம் என்னத்தைச் சொல்வது?

கூட்டத்துக்குக் கூட்டம் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போனாள். சொன்னாள்.

ஒருநாள் அடுப்படியில், வீட்டார் எழுந்துவிடாத குரலில், ஆண்டவரைக் கேட்டே விட்டாள்.

நான் கண்ணா கேட்டேன்? உம்மகூட உக்காந்திருந்ததே போதும்னுதானே இருந்தேன். கூப்பிட்டாங்க, போனேன். இருந்ததையும் புடுங்கிட்டீரே. நீரும் அந்தப் போதகரோட சேர்ந்துக்கிட்டீரா?

அதோடு பேச்சை முடித்துக்கொண்டாள். காப்பி சூடாகவே இருந்தது. அன்றிலிருந்து அந்த நேரத்துக்கு அவள் எழுந்திருப்பதில்லை.

இப்போது எப்சிபா வாசித்தாள்.

கண் பக்கத்தில் இறங்குவதற்குள் உதடு தொடங்கிவிட்டது.

இவள் அதைக் கவனித்தாள். போதகரைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் எப்சிபாவின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் இது மனப்பாடம் என்று அவருக்குத் தெரியும். போன வருஷமும் தெரிந்திருக்கிறது.

அல்லேலூயா கூரையை முட்டியது.

"சாட்சிச் சுவர்ல மாட்டுங்க சிஸ்டர்" என்றார் போதகர், மைக்கில்.

சுவருக்குப் போனாள். புது ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் இவளுடைய கண்ணாடி. ஒரு பக்கத்துக் கம்பியில் இவள் சுற்றிய கறுப்பு நூல் அப்படியே இருந்தது.

தன் கண்ணாடியை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். போட்டுக்கொண்டாள்.

முன்வரிசையில் கைதட்டல் நின்றது. பிறகு பின்வரிசைகளிலும் நின்றது.

மேடைக்குத் திரும்பினாள். எப்சிபாவின் கன்னத்தில் சந்தோஷக் கண்ணீர் காயவில்லை. இதைப் போய்க் கெடுக்கிறோமே என்று இவளுக்கு உறுத்தியது. அவளுடைய கண்ணாடியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"வச்சுக்கோம்மா. விடியக்காலம் ஆண்டவர் வந்து உக்காந்திருப்பார். வெறுங்கண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்வே?"

போதகர் மைக்கை அணைத்தார்.

இவள் படியிறங்கினாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

ஆண்டவர்மேல் கோபம் தீரவில்லை. நாளைக் காலையில், ஓசியாவைத் திறப்பதற்கு முன்னால், அதை அவரிடமே சொல்லித் தீர்க்க வேண்டும்.