எட்டு மனு

“கீழ போடு. இன்னும் கொஞ்சம் கீழ. மேல அடிக்க இடம் வேணும்ல?”

கணவன் நீட்டிய வெள்ளைத்தாளின் அடியில் அவள் கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்தைச் சுழித்து, கடைசி எழுத்தை வாலாக இழுத்து, வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. அவள் பிறந்த வீட்டில் மற்ற எல்லோருக்கும் கைநாட்டுதான். மூட்டை தூக்கும் அப்பா, யாராவது முழுசாகப் படித்துச் சொன்ன பிறகுதான் பெருவிரலை மையில் வைப்பார். அவளுக்கோ பேனா கையில் கிடைத்தால் போதும்.

“எத்தனாவது மனுங்க இது?”

“எட்டு. கடைக்குப் போய் சூடா நாலு வரி அடிக்கிறேன் பாரு, அந்தக் கரண்ட் ஆபீஸே ஆடிப்போயிடும்.” அவனுக்குத் தட்டச்சும் ஜெராக்ஸும் தொழில். பாதி ஊரின் விண்ணப்பங்கள் அவன் விரல் வழியாகத்தான் போகும். “கார் உன் பேர்ல இருக்கு. மனுவும் உன் பேர்ல போனாத்தான் எடுபடும்.”

“நானும் கூட வரட்டுமா?”

“எதுக்கு, வெயில்ல வரிசையில நிக்கவா? பட்டதாரியம்மா வீட்ல இருங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையில், மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடும் ஸ்டேஷன் வரப்போகிறது என்று பலகை நட்டு ஒரு வருஷம் ஆகிறது. குழி தோண்டினார்கள். தொடை கனத்துக்குக் கேபிள் சுருளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு மெஷினை நிறுத்தி நீலத் தார்ப்பாயைப் போர்த்தினார்கள். அத்தோடு சரி. இப்போது தார்ப்பாய்க்குள் நாய் குட்டி போட்டிருக்கிறது.

அவளுக்குக் கிடைத்த வேலை எழுபது கிலோமீட்டர் தள்ளி, ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. அதற்காகவே கையில் இருந்ததையெல்லாம் கொட்டிப் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினாள். ஒரு தடவை போய்வந்தால் பேட்டரி காலி. மூன்றாவது மாடியிலிருந்து வயர் இறக்க வீட்டு ஓனர் விடமாட்டார். ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரே ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும்.

“எதிர்த்தாப்ல வந்துடட்டும், மறுநாளே போய்ச் சேந்துடு. நானா தடுக்கறேன்?” என்பான் அவன். மாதம் பிறந்தால் தாளும் பேனாவுமாக வந்து நிற்பான். இப்படி ஒருத்தன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் தோழிகளே பொறாமைப்பட்டார்கள்.

எட்டாவது மனு போய் மூன்று வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

“ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சும்மா. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு நீங்க இங்க இருக்கணும். இல்லைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்.”

அன்று வெள்ளிக்கிழமை. கடைக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாகத் தானே அந்தக் கரண்ட் ஆபீஸ் படியேறினாள்.

“என்னங்க நினைச்சுட்டிருக்கீங்க எல்லாரும்? ஒரு வருஷமா ரெண்டு மெஷினுக்குப் போர்வை போத்தித் தூங்க வெச்சிருக்கீங்க! எட்டு மனு குடுத்திருக்கேன், எட்டு! படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இங்க இருக்கீங்களா?”

கண்ணாடி போட்ட கிளார்க்கம்மா நிதானமாகப் பேனாவை மூடி வைத்து, பெயரைக் கேட்டார். சொன்னாள். பின்வரிசையில் மூன்று தலைகள் நிமிர்ந்தன.

“அட, நீங்கதானா அது!” என்றார் கிளார்க்கம்மா.

“மாசம் தவறாத மேடமா? காட்டுங்க, நானும் பாத்துக்கறேன்” என்று பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அத்தனை கோபத்திலும் அவளுக்கு உள்ளே ஒரு சின்னப் பெருமை. சொன்னபடியே ஆபீஸை ஆட்டித்தான் வைத்திருக்கிறான் மனுஷன்.

“அந்த எட்டுக்கும் இன்னிக்கு எனக்குப் பதில் வேணும்” என்றாள்.

“நேர் எதிர்வீடு உங்களுது. உங்க மனுவை ஒதுக்க முடியுமாம்மா? ஒவ்வொண்ணையும் மேல அனுப்பி, நீங்க கேட்டபடிதானே செஞ்சுட்டிருக்கோம்?”

“செஞ்ச லட்சணம் என் பால்கனியில நின்னா தெரியுது!”

கிளார்க்கம்மா பெருமூச்சு விட்டு, பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். எட்டுத் தாள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சுழி, வால், இரண்டு புள்ளி.

“உங்க கையெழுத்துதானே?”

“என்னுதுதான். எட்டும் என்னுதுதான். கோர்ட்ல வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

கிளார்க்கம்மா ஃபைலை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துக்கு மேலே இருந்த வரிகளில் விரலை வைத்தார்.

“எட்டுலயும் ஸ்டேஷன் வேண்டாம்னுதானேம்மா எழுதியிருக்கீங்க?”