சாமிக்கு வந்த பாட்டில்

மத்தியானம் மூன்று மணிக்குச் சாமியார் பங்களாக் கதவைத் தள்ளிய உபதேசியார் யேசுதாஸ், வாசலிலேயே நின்றுவிட்டார்.

கட்டிலில் வெள்ளைக்காரப் பாதிரியார் லாம்பர் சாமி கண்ணை மூடிக் கிடக்கிறார். தலைமாட்டு முக்காலியில் சமையல்கார மரியம்மாள். கையில் கண்ணாடி டம்ளர், அதில் தேன் நிறத்தில் பீர். அவள் மேலுதட்டில் நுரை.

பெல்ஜியத்திலிருந்து சாமியின் தங்கை கொடுத்தனுப்பிய பாட்டில் அது. சாமி பிறந்த ஊரிலேயே வடித்தது. நேற்றுதான் வந்து சேர்ந்தது.

சாமிக்குத் தொண்டையில் புற்று. நாலு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

யேசுதாஸ் அவளை ஜாடை காட்டி வராந்தாவுக்கு அழைத்தார்.

"கவர்மெண்டுல சாராயக் கடையைத் திறந்தாலும் திறந்தாங்க, நீயும் ஆரம்பிச்சிட்டியாம்மா? சாமி மூச்சு இழுத்துக்கினு கிடக்கிறாரு. பக்கத்துல குந்திக்கினு அவருக்கு வந்ததைக் குடிக்கிறியே."

மரியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவள் புருஷன் கள்ளச்சாராயம் குடித்து, தாமல் ஏரிக்கரையில் செத்துக் கிடந்தான். தூக்கி வந்தவர்களில் யேசுதாசும் ஒருவர். அடக்கம் முடிந்த கையோடு பீடத்தின் முன்னால் மண்டிபோட்டு, இனி இந்தக் கருமத்தைக் கையாலும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் இவள்.

"அன்னிக்குச் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கலைங்க."

"அப்ப நாளையிலேர்ந்து வராதே. நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

"சரிங்கய்யா. டம்ளர்ல கொஞ்சம் இருக்குது. முடிச்சிட்டுப் போயிடறேன்."

உள்ளே போய்விட்டாள். டம்ளரைப் பிடுங்கிக் கொட்டிவிடும் வேகத்தில் யேசுதாசும் பின்னாலேயே போனார்.

சாமி கண்ணைத் திறந்திருந்தார். மரியம்மாள் ஒரு வாய் குடித்தாள். குமட்டிக்கொண்டு வந்ததை அடக்கி விழுங்கிவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"மொதல்ல வறுத்த கோதுமை வாசம் வருது சாமி. அப்புறம் கமலாப்பழத் தோலு. கோயில் இட்லியில கடிபடற மிளகாட்டம் தொண்டையில ஒரு காரம். கசப்பு கடைசியிலதான்... வேப்பம்பூ ரசம் கணக்கா, மெதுவா ஏறுது."

சாமியின் கண்ணோரம் நீர் வழிந்தது.

"அதேதான்," என்று உதடு அசைந்தது. "நுரை?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்." இன்னொரு வாய் குடித்தாள்.

யேசுதாஸ் நிற்பதைச் சாமி அப்போதுதான் பார்த்தார். கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தார். குரல் வெறும் காற்றாக, விட்டுவிட்டு வந்தது.

"இந்தப் புத்துக்கு மெட்ராஸ்ல குடுத்த கரண்ட் வைத்தியத்துல நாக்கு செத்துப்போச்சு, யேசுதாஸ். பீரைப் பஞ்சுல நனைச்சு நாக்குல வெச்சும் பாத்தாச்சு. ஒண்ணும் தெரியலை. குடிச்சுப் பாத்து எப்படி இருக்குதுன்னு சொல்லும்மான்னு நான்தான் கேட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நேத்து முழுக்க அழுதுட்டு, இன்னைக்குத்தான் ஒத்துக்கினா."