பெற்றுக்கொண்டவர் போட்டோ

"இன்னும் கொஞ்சம் சிரிங்கம்மா. பொறந்த நாள் அதுவுமா மூஞ்சிய உம்முன்னு வச்சிருந்தா, அனுப்பின பொண்ணு எங்களத்தான் திட்டும்."

கறுப்புக் கண்ணாடி போட்ட கிழவி சிரித்தாள். மஞ்சள் கவுன், மடியில் ஊதாக் கிழங்கு கேக், பாதி முகத்தை மறைக்கும் ரோஜாக் கொத்து, காலடியில் அரிசி மூட்டை. டெலிவரிக்காரர் செல்போனில் இரண்டு முறை க்ளிக் செய்தார். மணிலா ஆன்லைன் கடையின் வழக்கம் அது. பெற்றுக்கொண்டவர் பரிசோடு இருக்கிற போட்டோ வெளிநாட்டுக்குப் போனால்தான் டெலிவரி முடிந்ததாக அர்த்தம்.

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் கிழவி கண்ணாடியைக் கழற்றினாள். "இனிமே என்னால ஆகாதுடி, ஸெனைடா. செத்தவ கவுன மாட்டிக்கிட்டு இளிக்கச் சொல்றே. அவ கனவுல வந்து கவுனத் திருப்பிக் கேக்குறா."

"இன்னும் கொஞ்ச நாள்தான், கொன்சிங் அத்தை."

"போன தடவையும் இதத்தானே சொன்னே?"

கொன்சிங் பக்கத்து வீட்டுக்காரி. ஸெனைடாவின் அம்மா மே மாதமே பத்தாக் ஊர்க் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அக்கா மெர்லிக்கு மட்டும் அது தெரியாது. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், அடி தாங்காமல் ஓடிவந்து, நாலு வருடமாக பாஸ்போர்ட் இல்லாமல் ஒளிந்து வாழ்கிறாள். இந்தப் பரிசுகள்கூட அறைத் தோழி மாரிவிக்கின் கார்டில்தான் வருகின்றன. மாரிவிக் தெற்கே செபுத் தீவுக்காரி, தங்கமான பெண் என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தாள்.

அம்மா போனது தெரிந்தால் அக்கா அன்றைக்கே போலீசில் போய் நிற்பாள், ஊருக்கு அனுப்புங்கள் என்று. அவர்கள் அனுப்ப மாட்டார்கள், உள்ளே தள்ளுவார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஊர் திரும்ப அந்த நாட்டில் பொது மன்னிப்பு வரும்வரை அவளிடம் மூச்சு விடாதே என்று, சாகும்போது அம்மாவே கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

நல்லவேளையாக ஜூனிலிருந்து அக்கா போனில் பேசுவதில்லை. பக்கத்து அறையில் சோதனை நடந்ததாம். குரல் வெளியே கேட்கக் கூடாதாம். இனி எழுத்தில் மட்டும்தானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அம்மா பெயரில் ஸெனைடாவே பதில் போட்டாள். 'நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு' என்று அடிக்கும்போது மட்டும், தோளுக்குப் பின்னால் யாரோ நின்று படிப்பதுபோல் இருக்கும். பயந்துகொண்டு திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கேக்கில் பாதியை வெட்டிக் கொடுத்து கொன்சிங்கை அனுப்பிவைத்தாள். டெலிவரிக்காரர் போட்டோவை இவளுக்கும் ஒன்று அனுப்பியிருந்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ரோஜாக்களுக்குப் பின்னால், மாதா படத்துக்குக் கீழே, படையல் தட்டு பளிச்சென்று தெரிந்தது. பச்சரிசிப் பலகாரம், அவித்த முட்டை, வெற்றிலை பாக்கு, ஒரு சுருட்டு. செத்தவர்களுக்கு மட்டும் வைக்கிற தட்டு. அம்மா போன பிறகு வரும் முதல் பிறந்த நாள் என்பதால் காலையில் மனசு கேட்காமல் வைத்திருந்தாள். சாயங்காலம் வரவேண்டிய டெலிவரி மத்தியானமே வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்?

அந்தத் தட்டைப் பார்த்தால் வடக்கே இந்த இலோகோஸ் பக்கத்துக் குழந்தைகூட, இறந்தது யார் என்றுதான் கேட்கும். எப்போதோ செத்துப்போன அப்பாவுக்கு வைத்தது என்று சமாளிக்கவும் வழியில்லை. அப்பா சுருட்டைத் தொட்டதே கிடையாது. நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து இழுக்கிறவள் அம்மாதான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் அக்கா.

ஸெனைடா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பொய் சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. அக்கா இந்நேரம் செருப்பை மாட்டிக்கொண்டு போலீசுக்குக் கிளம்பியிருப்பாள் என்றுதான் தோன்றியது. கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

'அம்மா ரொம்ப அழகா இருக்காங்க. பின்னாடி தட்டுல என்ன பலகாரம்? எனக்கும் சேத்து எல்லாரும் சாப்பிடுங்க.'

அவள் அதை மறுபடியும் படித்துப் பார்த்தாள். செத்தவர் தட்டில் எனக்கும் பங்கு வை என்று இலோகோஸ்காரி எவளும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டாள். நாலு மாதமாக அழைக்காத எண்ணை அழைத்தாள். இரண்டு முறை துண்டிக்கப்பட்டது. மூன்றாம் முறை எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா?"

"நான் மாரிவிக்."

அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள் ஸெனைடா. வெளியே போயிருக்கிறாள் என்றது மறுமுனை. இவ்வளவு நேரம் எழுதியது யார் என்று கேட்டாள். ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும், குரலைக் கேட்டால் போதும் என்று கெஞ்சினாள். மாரிவிக் விம்முவது கேட்டது.

அவ்வளவுதான், ஸெனைடாவுக்குத் தாங்கவில்லை. அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, கோபத்தில் மாரிவிக்கை எழுதவிட்டுத் தான் பேச மறுக்கிறாள் என்றே முடிவு கட்டினாள். சத்தியமாவது ஒன்றாவது, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

மாரிவிக் முந்திக்கொண்டாள்.

"மெர்லி அக்கா செத்துப்போனத அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."