நாற்பதாம் பக்கத்து டிக்கெட்

அமெரிக்காவில் சென்ற வருஷம் பெரிய பரிசு வாங்கிய நாவல் ஒன்று, ஒரு விமர்சகரின் மேஜைமேல் கிடந்தது. அட்டையில் தங்க முத்திரை. அன்று மாலைக் கூட்டத்தில் அவர் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் அடையாளத்துக்காக வைத்த பழைய பஸ் டிக்கெட், பல நாளாக நாற்பதாம் பக்கத்தைவிட்டு அசையவில்லை.

"டிக்கெட் அண்ணே, அவர் எப்போது வருவார்?" என்றது நாவல். "நடுப்பக்கத்தில்தான் என் கதையின் தகப்பன், மிசிசிப்பி ஆற்று வெள்ளத்தில் பெற்ற பெண்ணைக் கைவிட்டு ஓடுகிறான். அதைப் படிக்காமல் என்னைப் பற்றி என்ன பேசுவார்?"

"வருவார். பொறுமையாக இரு."

வாசலில் கார் ஹாரன் அலறியது. விமர்சகர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். டிக்கெட்டை உருவிக் கடைசி அத்தியாயத்தில் செருகினார்.

நாவல் பதறியது. "அண்ணே, வழியில் எங்கேயும் நிற்கவில்லையே. சொல்லுங்கள் அவரிடம்."

"நான் டிக்கெட்தான் தம்பி. டிரைவர் இல்லை."

அவர் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தார். வளர்ந்துவிட்ட பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு தகப்பன் அழுதுகொண்டிருந்தான். ஹாரன் மறுபடியும் அலறியது. அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு வரி கிறுக்கினார்.

"என்ன எழுதினாய்?" என்று நாவல் பென்சிலைக் கேட்டது.

பென்சில் தயங்கித் தயங்கிப் படித்தது.

"தகப்பன் எதற்காக அழுகிறான் என்று ஆசிரியர் எங்கேயுமே சொல்லவில்லை."