கனத்த பெயர்

பேரனுக்குத் தன் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று சேரன்மகாதேவி முழுக்கச் சொல்லித் திரிந்தார் குமரகுருபரன். பெயர் வைத்து மாதம் ஒன்று ஆகவில்லை, குழந்தைக்கு ஓயாத காய்ச்சல்.

சிங்கப்பூரில் மகன் கட்டிக்கொண்ட ஜாவாக்கார மருமகள் சுலாஸ்திரி, பிள்ளையோடு ஊருக்கு வந்திருந்தவள், தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பேரு ரொம்ப கனம், மாமா. பிள்ளை தாங்கல. எங்க ஆளுங்க லேசான பேரா மாத்திருவாங்க."

"பேரை மாத்துனா காய்ச்சல் போயிருமா? படிச்ச பிள்ளை பேசுத பேச்சா இது?" என்று எகிறினார்.

உள்ளேயிருந்து அவருடைய அக்கா குரல் கொடுத்தாள்.

"ஏலே குப்பாண்டி! நீ சீக்கா கெடந்தப்போ குப்பையில புரட்டி எடுத்து, குப்பாண்டின்னு பேரை வச்சுத்தானலே அம்மை உன்னப் பொழைக்க வச்சா?"

குமரகுருபரன் அவசரமாகத் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

மருமகள் முகம் மலர்ந்தது.

"குப்பாண்டி... லேசா இருக்கே! இதுவும் உங்க பேருதானே, மாமா?"