கொய்யாக் கிளையில் இரண்டு விநாடி

வந்தது, கொய்யாக் கிளையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாலைத் தூக்கியது, போய்விட்டது.

இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையே என்று, கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாய்விட்டு முணுமுணுத்ததுதான் தப்பு. உள்ளேயிருந்து கணவன் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, பறவைப் புத்தகமும் பென்சிலுமாக ஓடிவந்தான்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். கேள்வி கேட்கச் சொல்லித் தர வேண்டுமா?

எவ்வளவு பெரிசு என்றான். குருவிக்கும் மைனாவுக்கும் நடுவில் என்றாள். அலகு? மெல்லிசு, நுனி கொஞ்சம் வளைவு. வயிறு? செங்கல் நிறம். கண்ணுக்கு மேலே? வெள்ளையாக ஒரு கோடு, புருவம் மாதிரி, பிடரி வரைக்கும்.

துணி ஆலையில் அவளுக்குப் பிழை பார்க்கும் வேலை. விளக்கு மேசைமேல் ஓடிக்கொண்டே இருக்கிற துணியில் ஒற்றை இழை அறுந்திருந்தாலும் விரலை வைத்துவிடுவாள். அந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம்.

அந்தக் கண்ணைத்தான் ஒன்பது நாளாக இந்த வீடு பொய்யாக்கப் பார்க்கிறது.

தெருமுனையில் தபால்காரரைச் சைக்கிளோடு தூக்கி அடித்துவிட்டு ஒரு கார் நிற்காமல் போனது. வேலை விட்டு வந்துகொண்டிருந்த அவள் மட்டும்தான் அப்போது அங்கே இருந்தாள். தபால்காரருக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு வரவில்லை.

முகத்தைப் பார்த்தேன் என்று அன்றைக்கே வீட்டில் சொன்னாள். கார் கொழுந்தனுடையது. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாமியார் காலில் விழாத குறை. சின்னவனுக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறதாம், அவன் தலையில் மண்ணைப் போட்டுவிடக் கூடாதாம். கண் மூடித் திறப்பதற்குள் போன காரில் முகம் எப்படித் தெரியும் என்று ஆளாளுக்கு அவளுக்குப் பாடம் எடுத்தார்கள். கொழுந்தன் தினமும் வந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனான். அவன் மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபமில்லை.

கணவன் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டான்: வேகமாகப் போனதால் முகம் தெரியவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் அவள் அதை ஒப்பிக்க வேண்டும். முத்து முத்தான கையெழுத்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது அவனுக்குப் புத்தகத்தில் அந்தப் பறவையின் பக்கம் கிடைத்துவிட்டது. அலகு, வயிறு, புருவம், தூக்கின வால், எல்லாம் அச்சு அசல். மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை. எப்பேர்ப்பட்ட கண் உனக்கு என்று மெச்சிக்கொண்டான். இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் பார்த்திராத பறவையாம். பறவை பார்க்கிறவர்களுடைய குழுவுக்கு இப்போதே எழுதப் போகிறானாம்.

அவர்கள் லேசில் நம்ப மாட்டார்கள் என்றான். இரண்டு விநாடியில் என்ன தெரிந்திருக்கும் என்று குடைவார்கள், போன் பண்ணிக்கூடக் கேட்பார்கள், அவள் தடுமாறவே கூடாது. பார்த்ததைப் பார்த்தேன் என்று அடித்துச் சொல்ல வேண்டுமாம்.

அவள் தேய்த்த தேய்ப்பில் சட்டி ஓட்டையாகாதது அதிசயம்.

தான் சொல்வது தன் காதிலேயே விழவில்லையா இவனுக்கு என்று நிமிர்ந்து பார்த்தாள். விழவில்லை. பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஓரத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதானா வந்துச்சு? ஜோடியாத்தான் வரும்னு போட்டிருக்கே. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

அவள் குழாயை மூடினாள். அவன் வாயிலிருந்தே வரட்டும் என்று ஒன்பது நாள் காத்திருந்தது போதும்.

"பறவை ஒண்ணுதாங்க. கார்லதான் ரெண்டு பேரு. உங்க தம்பி பக்கத்து சீட்டுல இருந்தாரு."

அப்படியானால் ஓட்டியது யார் என்று அவன் கேட்கவில்லை.