உடைந்த விளிம்பு நத்தை

கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் வால்நட்சத்திரம் விழுந்த இடத்தில் துளைபோட்டு எடுத்த சேற்றை, அடுக்கு அடுக்காகக் கழுவிச் சலித்து அதிலுள்ள பழைய உயிர்களின் ஓடுகளை எண்ணுவது நார்வேயின் வார்டோ ஆய்வகத்தில் சிக்ருனின் வேலை. அந்த மோதலில் படிந்த சாம்பல் அடுக்குக்குக் கீழே கடுகளவு நத்தை ஓடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. விளிம்பு உடைந்த ஒன்று இன்னொன்றை ஒட்டிக் கிடந்தது.

சாம்பலுக்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது. மோதலுக்குப் பிறகு அந்தக் கடல் செத்த கடல். ஆனால் ஒன்று இருந்தது, அதே உடைந்த விளிம்போடு, தனியாக. அதற்கு மேலடுக்கிலும் அதுவே. அடுக்குக்கு அடுக்கு ஓட்டில் ஒரு சுற்று கூடியிருந்தது.

"சல்லடையை ஒழுங்கா கழுவலடி நீ," என்றாள் உடன் வேலைசெய்யும் ஹால்டிஸ். "ஐவார் படகோட கடல்ல காணாமப் போய் மூணு வருஷம் ஆச்சு. இன்னும் உன் புருஷனுக்கும் சேர்த்துத்தானே காபி போடுறே?"

"ஆறினதும் சாயங்காலம் நானே குடிச்சிடுறேன். உனக்கென்ன?"

கடைசியாக, இந்த வருஷம் படிந்த மேல்சேற்றைக் கழுவினாள். நத்தை உயிரோடு நகர்ந்தது. அதை ஒட்டியே இன்னொன்றும் நகர்ந்தது. அதன் ஓடு முழுக்க அந்த அடுக்கின் சாம்பல் ஒட்டியிருந்தது.

சிக்ருன் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள். காலையில் ஐவாருக்கு ஊற்றிவைத்த காபியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.